பாலத்தின் வழியே ஒரு தூதன்

ஈயச் சிப்பாயின் கோட்டுக் கைமடிப்பு மஞ்சளா சிவப்பா என்பதற்காக, நரை விழுந்த இரண்டு மனிதர்கள் மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பார்களா? இருந்தார்கள். ஒருவர் அம்பயரம்மாவின் கணவர். இன்னொருவர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தவள் அவள்.

அம்பயரம்மா என்பது சங்கத்தில் வைத்த பெயர். பிழைப்புக்கு அவள் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறாள். யாருடைய வேலி யாருடைய நிலத்துக்குள் நுழைந்திருக்கிறது என்று கோடு போட்டுக் காட்டி, இரண்டு பக்கமும் வசவு வாங்குகிற உத்தியோகம். அந்தப் பழக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் போர் விளையாட்டுச் சங்கத்துக்கும் அவளே நடுவர் ஆகிவிட்டாள். அங்கேயும் வசவுதான். ஆனால் அந்த வசவு அவளுக்குப் பிடித்திருந்தது.

சங்கம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பழைய போர்களைப் பற்றிப் படிப்பது, அவற்றை மேசைமேல் ஈயச் சிப்பாய்களை வைத்து மறுபடி நடத்திப் பார்ப்பது, யார் எங்கே கோட்டை விட்டார்கள் என்று தொண்டை வற்றப் பேசுவது, இதுதான் வேலை. "இந்த வயசுல பொம்மை விளையாட்டா?" என்று வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்ளாத உறுப்பினர் ஒருவர்கூடக் கிடையாது. கூடுகிற இடம் கால்நடை டாக்டரின் கிளினிக். அவர்தான் தலைவரும். போர்க்கலையில் புலி என்பதற்காக அவரைத் தலைவராக்கவில்லை, பெரிய மேசை அவரிடம்தான் இருந்தது.

அம்பயரம்மாவின் கணவருக்குப் பல் செட் செய்கிற தொழில். பல் டாக்டர்கள் எடுத்து அனுப்புகிற அச்சைப் பார்த்து, மெழுகில் செய்து, வார்த்து, தேய்த்து, பளபளப்பாக்கித் தருவார். வரிசையில் ஓர் ஓட்டையைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. வீட்டுப் புத்தக அலமாரியில் ஒரு புத்தகம் குறைந்தால்கூட அந்த இடத்தில் எதையாவது செருகி வைத்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

அண்ணன் பஸ் டிப்போவில் கன்ட்ரோலர். எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும், எந்த வண்டி பாதி வழியில் நின்றால் எதை அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. ஷெட்டுக்குள் வருகிற வண்டியை உறுமலை வைத்தே இன்னது என்று சொல்லிவிடுவார். ஸ்பேர் வண்டி ஒன்றை ஓரமாக நிறுத்தி வைக்காமல் அவர் ஒரு நாளும் நிம்மதியாக இருந்ததில்லை.

இருவரும் மச்சான் மாப்பிள்ளை என்பதைவிடக் கூட்டாளிகள் என்பதுதான் பொருந்தும். கல்யாணத்தன்று போட்டோ எடுக்க மாப்பிள்ளையைக் காணோம் என்று தேடினால், மாடிப்படிக்குக் கீழே மச்சானோடு உட்கார்ந்து கோட்டை முற்றுகை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் மேசையின் இரண்டு பக்கமும் நின்று அடித்துக்கொண்டார்கள். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் கண் பட்டதுபோல இந்தக் கைமடிப்பு விவகாரம் வந்தது.

நடந்தது இதுதான். அண்ணன் ஓர் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். படுக்கப் போகும் முன், கொடிக்கம்பம் உடைந்துபோன தன் செல்ல ரெஜிமென்ட்டை ஒட்டி வைக்கச் சொல்லி மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போனார். நீலக் கோட்டு, மஞ்சள் கைமடிப்பு. கணவர் கம்பத்தை ஒட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். புதிதாக வாங்கிய சீருடைப் புத்தகத்தைப் புரட்டினால், அவர்கள் மேசைமேல் ஆடுகிற போர் நடந்த வருடத்தில் அந்த ரெஜிமென்ட்டுக்குக் கைமடிப்பு சிவப்பு என்று போட்டிருந்தது. மச்சான் உடம்பு தேறி வந்து பார்த்ததும் அசந்து போகட்டும் என்று, பட்டறை லென்ஸை மாட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வடிய வடிய, ஒரு சிப்பாய் விடாமல் எல்லோருக்கும் சிவப்பு அடித்து வைத்தார்.

மச்சான் அசந்துதான் போனார்.

"யாரைக் கேட்டு இதைத் தொட்டீங்க?" என்று சங்கம் மொத்தமும் கூடியிருந்தபோது கத்தினார். "என் வீட்டுக்காரி கையால அடிச்ச மஞ்சள் அது!"

"புத்தகத்துல சிவப்புன்னு போட்டிருக்கு மச்சான். தப்பைத் திருத்தினேன்."

"தப்பா? ஓஹோ. அப்ப இத்தனை வருஷம் நான் தப்பான பட்டாளத்தை வச்சுக்கிட்டு உங்களை ஜெயிச்சுக்கிட்டு இருந்தேனா?"

யாரோ சிரித்துவிட்டார்கள். கணவருக்கு முகம் சுருங்கிப் போயிற்று. லென்ஸைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த நாட்களெல்லாம் அவர் கண்ணில் வந்து நின்றன. எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார். அண்ணனோ, "சிவப்புக் கையோட அதுங்க என் வீட்டு வாசல்படி ஏறக் கூடாது" என்று ரெஜிமென்ட்டை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். அவள்தான் அள்ளிக்கொண்டு வந்து தன் வீட்டு ஷோகேஸில் வைத்தாள்.

இதில் கூத்து என்னவென்றால், அவள் அண்ணியிடம் போய் அந்த மஞ்சளைப் பற்றி விசாரித்தாள். அண்ணி வெகுநேரம் யோசித்தாள். "நானா அடிச்சேன்? ஒருநாள் கரண்ட் இல்லாம டிவி பார்க்க முடியலைன்னு எதுக்கோ பெயின்ட் அடிச்ச ஞாபகம். அது குதிரை இல்லையோ?" என்றாள். இந்தத் தகவலை அம்பயரம்மா யாரிடமும் வாய் திறக்கவில்லை. அண்ணன் பத்திரமாக வைத்திருந்த ஒரு ஞாபகத்தைக் குதிரையாக்க அவளுக்கு மனம் வரவில்லை. தவிர, கோபம் மஞ்சளைப் பற்றியதல்ல என்று அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை கேட்காமல் செய்துவிட்டாரே என்பது அண்ணனுக்கு. ஆசை ஆசையாகச் செய்ததை நாலு பேர் முன்னால் உதறிவிட்டாரே என்பது கணவருக்கு. இரண்டும் நியாயம்தான். இரண்டு நியாயம் ஒரே மேசையில் உட்கார்ந்தால் அங்கே மூன்றாம் ஆளுக்குத்தான் தலைவலி.

அதற்குப் பிறகு ஒருவர் வருகிற ஞாயிறு மற்றவர் சங்கத்துக்கு வருவதில்லை. போன் வந்தாலும், "உங்க அண்ணன்கிட்ட அந்த ஏணி வேணும்னு சொல்லு", "உன் வீட்டுக்காரர்கிட்ட ஏணியை வாசல்லயே வச்சிட்டேன்னு சொல்லு" என்று எல்லாச் சேதியும் அவள் வழியாகவே போயிற்று.

இதையும் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் அண்ணனுக்கு வேறு ஊர் டிப்போவுக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. சாமான் கட்டுகிற வேலைகூட ஆரம்பித்தாயிற்று. அன்று இரவு அவள் படுத்தபடியே கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒரே ஊரில் பேசாமல் இருப்பவர்கள் என்றைக்காவது ஒரு கடை வாசலில் மோதிக்கொண்டாவது பேசிவிடுவார்கள். ஊர் மாறிவிட்டால் அந்த மௌனம் அப்படியே இறுகிவிடும். பிறகு அவளுக்கு ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் கணவர். இரண்டு பேரையும் சேர்த்து வைத்துச் சிரித்த ஒரு ஞாயிறு இனி வாழ்நாளில் கிடையாது.

மறுநாள் அலுவலகம் விட்டதும் நேரே டாக்டரிடம் போனாள்.

"மறைவாட்டம் ஒண்ணு வைக்கலாம்னு இருக்கேன் டாக்டர். இந்த ஞாயித்துக்கிழமை. ரெண்டு பேருக்கும் எதிராளி நீங்கதான்னு சொல்லப் போறேன்."

மறைவாட்டம் என்பது சங்கத்தில் எப்போதாவது ஆடுவது. இரண்டு தளபதிகளும் தனித்தனி அறையில் உட்காருவார்கள். நடு ஹாலில் வரைபடமும் சிப்பாய்களும் இருக்கும். அதை முழுதாகப் பார்க்கிறவர் நடுவர் மட்டும். தளபதி உத்தரவைச் சீட்டில் எழுதித் தருவார். நடுவர் அதன்படி படைகளை நகர்த்திவிட்டு, அந்தத் தளபதியின் ஆட்கள் கண்ணுக்கு எது தெரியுமோ அதை மட்டும் வந்து சொல்வார். தூரத்தில் இருக்கும் தன் படைக்கு உத்தரவு அனுப்ப வேண்டுமானால் குதிரையில் தூதன் போக வேண்டும். அவன் போகும் வழியைத் தளபதியே கோடு போட்டுத் தர வேண்டும். வழியில் எதிரி இருந்தால் தூதன் பிடிபடுவான். அவன் கொண்டுபோன சீட்டை எதிரித் தளபதியின் கையில் கொடுத்துவிட வேண்டியது நடுவரின் கடமை.

"நடுவர் பொய் சொல்லலாமா அம்பயரம்மா?" என்று டாக்டர் சிரித்தார்.

"வரைபடத்துல இருக்கிற எதைப் பத்தியும் பொய் சொல்லக் கூடாது. எதிராளி பேரு வரைபடத்துல இல்லையே."

"வக்கீலுக்குப் படிச்சிருக்கணும் நீங்க. சரி, சாவியை வச்சுக்கங்க. நான் மாடியில படுத்துத் தூங்கறேன். எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் கணவரைப் பின்வாசல் வழியாகக் கூட்டி வந்து எக்ஸ்ரே அறையில் உட்கார வைத்தாள். அவருடைய செருப்பைப் பேப்பரில் சுற்றி அலமாரியில் ஒளித்தாள். அப்புறம் அண்ணனை முன்வாசல் வழியாக வரவைத்து மருந்து ஸ்டோர் ரூமில் உட்கார வைத்தாள். பாத்ரூம் போக வேண்டுமானால் கதவைத் தட்ட வேண்டும், தானாக வெளியே வரக் கூடாது என்று இருவரிடமும் கண்டிப்பாகச் சொன்னாள்.

நடு ஹாலில் ஸ்டீல் மேசை முழுக்க அவள் வரைந்த வரைபடம். இருநூறு வருடத்துக்கு முன் மூடுபனியில் நடந்த ஓர் ஆற்றங்கரைச் சண்டை. நடுவில் ஆறு, அதன்மேல் ஒரு கல்பாலம், கீழே தள்ளி ஆழம் குறைந்த ஒரு துறை, தென்கரையில் ஒரு செங்கல் சூளை. வடகரை அண்ணனுக்கு, தென்கரை கணவருக்கு. அண்ணனின் படையில் அந்த நீலக் கோட்டு ரெஜிமென்ட்டும் இருந்தது, சிவப்புக் கையோடு. ஷோகேஸிலிருந்து அவள்தான் எடுத்து வந்திருந்தாள். மூலையில் கூண்டுக்குள் ஒரு பூனை, காயத்தை நக்காமலிருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பை மாட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் சந்தேகமாகப் பார்த்தது.

ஆட்டம் தொடங்கியது. அவள் சீட்டும் கையுமாக இரண்டு அறைக்கும் நடையாய் நடந்தாள். இந்த விளையாட்டில் அவளுக்குப் பிடித்ததே இதுதான். வரலாற்றுப் புத்தகத்தில் தளபதிகள் எல்லாம் தெரிந்தவர்கள்போலக் குதிரைமேல் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். பாதி நேரம் எதிரே இருப்பது படையா பனைமரமா என்றே தெரியாமல் குத்துமதிப்பாக உத்தரவு போட்டவர்கள்தான் அவர்கள் என்பது நடுவருக்குத்தான் தெரியும்.

முதல் சில சுற்றுகள் சாதாரணமாகத்தான் போயின. வடகரைப் படைகள் பாலத்தை நோக்கி இறங்கின. "என்ன தெரியுது?" என்று கணவர் கேட்டார்.

"பனிக்குள்ள ஒரு பட்டாளம் வருது. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொண்ணு. அதே இடைவெளியில மூணாவது."

"அதே இடைவெளியா?"

"ஆமா."

"பின்னாடி தனியா எதாவது நிக்குதா? வேலை இல்லாம, ஓரமா?"

மேட்டுக்குப் பின்னால் அந்த நீலக் கோட்டு ரெஜிமென்ட் அப்படித்தான் நின்றது. ஆனால் அவர் ஆட்களுக்கு அது தெரியாது. "உங்க கண்ணுக்கு எதுவும் தெரியலை" என்றாள். கணவர் பென்சிலால் மோவாயைத் தட்டிக்கொண்டு எக்ஸ்ரே மிஷினைப் பார்த்து லேசாகச் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை.

அண்ணன் பாலத்தைப் பிடித்துவிட்டார். பிறகு தென்கரை வரிசையில் ஓர் இடத்தைப் பீரங்கியால் அடித்து ஓட்டை போட்டார். அடுத்த சுற்றிலேயே கணவர் துறைக்குக் காவலாக நின்ற ஆட்களை எடுத்து அந்த ஓட்டையை அடைத்தார். போய்ச் சொன்னாள்.

"அடைச்சுட்டானா?" என்றார் அண்ணன். "ஒரே சுத்துல?"

"ஒரே சுத்துல."

"கொஞ்சம் தள்ளி இன்னொரு ஓட்டை போடு பார்ப்போம்."

போட்டாள். கணவர் அதையும் அடைத்தார். இந்த முறை அண்ணன் மருந்துப் பெட்டிமேல் காலை நீட்டி உட்கார்ந்து, சன்னமாக ஏதோ பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தார். மாற்றல் உத்தரவு வந்ததிலிருந்து அவர் பாடி அவள் கேட்டதில்லை. நடுவரின் முகத்தில் எதுவும் தெரியக் கூடாது என்பது விதி. அதனால் வாயை இறுக மூடிக்கொண்டு வெளியே வந்தாள்.

அப்போதுதான் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். டாக்டர் கையில் பையோடு இறங்கினார். யாரோ ஒருவருடைய நாய் எதையோ விழுங்கிவிட்டதாம், அவசரமாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். போனவர் பேசாமல் போயிருக்கலாம். தொழுவத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பேசிப் பழகிய குரல் அவருக்கு.

"என்ன அம்பயரம்மா! யாரு ஜெயிக்கிறா? மச்சானா மாப்பிள்ளையா?"

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டாக்டர் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு, பூனையிடம் மன்னிப்புக் கேட்பவர்போல ஒருமுறை தலையை ஆட்டிவிட்டு, வெளியே ஓடிவிட்டார்.

எல்லாம் போச்சு என்று அவள் நினைத்தாள். இரண்டு கதவும் இப்போது படாரென்று திறக்கும், இருவரும் முறைத்துக்கொண்டு ஆளுக்கொரு வாசல் வழியாக வெளியேறுவார்கள். காத்திருந்தாள். கதவுகள் திறக்கவில்லை. மெதுவாக எக்ஸ்ரே அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏதோ சத்தம் கேட்டுச்சா?" என்றாள்.

"சத்தமா? இல்லையே" என்றார் கணவர், சீட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "நான் யோசனையில இருந்தேன்."

ஸ்டோர் ரூமுக்குப் போனாள்.

"வெளியில சத்தம் கேட்டுச்சா அண்ணா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார், உறுமலை வைத்தே எந்த வண்டி என்று சொல்கிற அந்த மனிதர். "காது இப்பல்லாம் கொஞ்சம் மந்தம்மா. ஆட்டத்தைப் பாரு, அடுத்த சுத்து யாரோடது?"

அவள் ஹாலுக்கு வந்து பூனைக்குப் பக்கத்தில் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. டாக்டர் கத்தியதால் அல்ல. ஒரே இடைவெளியில் பஸ் விடுவதுபோலப் பட்டாளம் அனுப்புகிறவர் இந்த உலகத்தில் ஒருவர்தான். ஓட்டை கண்ட இடமெல்லாம் அடைக்கிறவரும் ஒருவர்தான். தெரிந்தும் எழுந்து போகாமல் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஏன்? நன்றாக இருந்தது, அதனால்தான். மாதக்கணக்கில் கிடைக்காத விளையாட்டு. அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகை முட்டியது. ஆனால் பேச வேண்டுமே. ஆட்டம் முடிந்ததும் பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டால், அண்ணன் அப்படியே ஊருக்குப் போய்விடுவார்.

அடுத்த சீட்டை வாங்கக் கணவரிடம் போனாள். செங்கல் சூளையில் நின்ற தன் இடது அணிக்குத் தூதன் அனுப்பப்போவதாகச் சொன்னார். சீட்டை மடித்துக் கொடுத்துவிட்டு, வரைபட நகலில் தூதன் போக வேண்டிய வழியைச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டார்.

அவள் கோட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். சூளைக்குப் போக, படைக்குப் பின்னால் பத்திரமான வண்டிப்பாதை இருந்தது. அவர் போட்ட கோடு அங்கே போகவில்லை. நட்டநடுவே, எதிரி பிடித்து உட்கார்ந்திருக்கிற பாலத்தின் வழியே போயிற்று.

"வழி இதுதானா?" என்றாள். அதற்குமேல் கேட்க நடுவருக்கு உரிமை கிடையாது.

"இதுதான்" என்றார். காது மடல் சிவந்திருந்தது. "ஏன், தப்பா?"

"நான் சொல்லக் கூடாது."

தூதன் பாலத்தை எட்டும் முன்பே பிடிபட்டான். விதிப்படி அவள் சீட்டைக் கொண்டுபோய் அண்ணனிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு சத்தமாகவே படித்தார்.

"இடது அணித் தளபதிக்கு. எதிரே நிற்பவர் என் மச்சான். அவருடைய ரெஜிமென்ட்டை அவரைக் கேட்காமல் தொட்டது என் தவறு. புத்தகம் சொன்னது சரி, நான் செய்தது சரியில்லை. அவரிடம் இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தச் சீட்டு எதிரி கையில் சிக்காமல் பார்த்துக்கொள்ளவும்."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். அதில் அழுக்கு எதுவும் இல்லை.

"இந்த மனுஷனுக்கு அறிவு இருக்கா?" என்றார். "பாலத்து வழியா எவனாவது தூதனை அனுப்புவானா? சின்னப் புள்ளைகூடப் பின்பாதையில அனுப்பும்."

"அதைப் பத்தி நான் பேசக் கூடாது அண்ணா."

"நீ ஒண்ணும் பேச வேணாம். அந்தப் பென்சிலைக் குடு."

அவரும் எழுதினார். எழுதி, அடித்து, மறுபடி எழுதினார். துறையருகே நிற்கும் தன் ஆட்களுக்கு என்று சொல்லி, தூதனுக்கு ஒரு கோடு போட்டார். அந்தக் கோடு வடகரையிலிருந்து கிளம்பி, ஆற்றைத் தாண்டி, மாப்பிள்ளையின் பீரங்கிகளின் வாய்க்கு நேராகப் போய் நின்றது. அவளால் அதற்குமேல் முகத்தை நேராக வைத்திருக்க முடியவில்லை. நல்லவேளை, அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

இந்தத் தூதனும் பிடிபட்டான். கணவர் படித்தார்.

"துறையருகே நிற்கும் என் ஆட்களுக்கு. ஒரு மனிதன் கண் நோக உட்கார்ந்து செய்த வேலையை நாலு பேர் முன்னால் வைத்துக் கத்தியது என் தவறு. அவரைப் பார்த்தால் சொல்லவும். மன்னிப்பு மாப்பிள்ளைக்கு உண்டு. தென்கரைக்குக் கிடையாது."

கணவர் அந்தச் சீட்டை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். விதிப்படி அது நடுவரிடம் திரும்ப வர வேண்டிய சீட்டு. அவள் கேட்கவில்லை.

"தென்கரைக்குக் கிடையாதுன்னா என்ன அர்த்தம்?" என்று திடீரென்று அவருக்கு உறைத்தது. "துறை! ஐயையோ, துறையில ஆள் இல்லையே!"

இருந்த ஆளையெல்லாம் எடுத்து ஓட்டை அடைத்தவர் அவர்தான். மேட்டுக்குப் பின்னால் ஸ்பேர் வண்டியாக நின்ற நீலக் கோட்டு ரெஜிமென்ட், கொடியும் பீரங்கியுமாகத் துறையில் இறங்கியது. ஆற்றைக் கடக்க முடியுமா என்று அம்பயரம்மா பகடை உருட்டினாள். கடந்துவிட்டது. அங்கே தடுக்க ஒரு காவல்காரன்கூட இல்லை. இரண்டே சுற்றில் தென்கரைப் படை சுருண்டது.

"ஆட்டம் முடிஞ்சுது" என்று அவள் ஹாலில் நின்று சொன்னாள். "வெளியில வரலாம்."

இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்தன. இருவரும் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வந்து நின்றார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை, வரைபடத்தையே பார்த்தார்கள். அண்ணன் குனிந்து, துறைக்கரையில் நின்ற ஒரு நீலக் கோட்டுச் சிப்பாயைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கைமடிப்பின் ஓரத்தில் மயிரிழை அளவுக்குக் கறுப்புக் கோடுகூட இழுத்திருந்தது. அவர் இதுவரை அதை ஒருமுறைகூடக் கிட்டத்தில் பார்த்ததில்லை.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க மச்சான்."

"இந்தத் துறையில பீரங்கி எப்படி இறங்குச்சு?"

கணவர் சட்டென்று நிமிர்ந்தார். "அதைத்தான் நானும் கேக்கணும்னு இருந்தேன்! ஆளு இறங்கலாம், குதிரை இறங்கலாம். சேத்துல பீரங்கிச் சக்கரம் புதையாதா?"

"புதையும். அச்சு வரைக்கும் புதையும்."

"அண்ணா, ஜெயிச்சது நீ!" என்றாள் அம்பயரம்மா.

"ஜெயிச்சது கிடக்கட்டும்மா. நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல? மாப்பிள்ளை கேக்கிறது சரிதானே? நீ எதை வச்சுப் பகடை உருட்டுன?"

"மேப்பை நீயே வரைஞ்சிட்டு நீயே இப்படிப் பண்ணலாமா?" என்றார் கணவர்.

இருவரும் இப்போது மேசைக்கு ஒரே பக்கத்தில், தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்று, அவளைக் குற்றவாளிபோலப் பார்த்தார்கள். துறையின் அடியில் கற்பாறை என்று பழைய அளவைப் படத்தைப் பார்த்து அவள்தான் சின்னச் சின்னப் புள்ளிகளாகக் குறித்திருந்தாள். அந்தப் புள்ளிகள் அவர்கள் மூக்குக்கு நேர் கீழே இருந்தன. விரலை வைத்துக் காட்டியிருந்தால் ஒரு நொடியில் வாதம் முடிந்திருக்கும்.

"தப்புதான்" என்றாள். "கவனிக்கலை."

அலுவலகத்தில் அவள் வாயிலிருந்து இந்த வார்த்தையை யாரும் கேட்டதே கிடையாது. இவர்கள் இருவரும் அதைக் கேட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார்கள்.

சிப்பாய்களை எடுத்து வைக்கும்போது, நீலக் கோட்டு ரெஜிமென்ட்டை அண்ணன் தானே பஞ்சில் பொதிந்து பெட்டியில் அடுக்கினார். "இது என்கூட வருது. புது ஊர்ல யாராவது கேட்டா, என் மாப்பிள்ளை அடிச்சதுன்னு சொல்லுவேன்." பிறகு, அப்படியே விட்டுவிட மனசில்லாமல், "தப்பா அடிச்சதுன்னு சொல்லுவேன்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

"புத்தகத்தையும் தர்றேன் மச்சான், காட்டுங்க" என்றார் கணவர். சிரிக்கப் பார்த்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். "நீங்க போயிட்டா நான் யாரோட ஆடறது?"

அண்ணன் எக்ஸ்ரே அறையின் கதவைப் பார்த்தார். ஸ்டோர் ரூமின் கதவைப் பார்த்தார்.

"இன்னைக்கு மட்டும் என்னைப் பார்த்துட்டா ஆடினீங்க? நீங்க ஒரு ரூம்ல, நான் ஒரு ரூம்ல. இனிமே என் ரூம் கொஞ்சம் தள்ளி இருக்கும். அவ்வளவுதானே மாப்பிள்ளை?"

கணவர் யோசித்தார். முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. மலர்ந்த கையோடு, அடுத்த ஞாயிறு எந்தப் போர், யாருக்கு எந்தக் கரை என்று இருவரும் ஆரம்பித்துவிட்டார்கள். மேசையைத் துடைக்க வேண்டும் என்பதோ, பூனைக்குப் பசி என்பதோ, அம்பயரம்மா ஒருத்தி அங்கே நிற்கிறாள் என்பதோ அவர்களுக்கு ஞாபகமே இல்லை.

"அப்ப நான் எங்க உட்காரணும்?" என்று அவள் கேட்டாள்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். இது என்ன கேள்வி என்பதுபோல.

"நடுவுலதான்" என்றார்கள்.

அவள் கணவரின் செருப்பை அலமாரியிலிருந்து எடுத்து, பேப்பரைப் பிரித்து, முன்வாசலில் அண்ணன் செருப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டாள்.